யாருக்கும் உறவினன் இல்லாத வில்லன்

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் அடிக்கடி போகிறவர்களுக்கு அந்தச் சாலை மனப்பாடம். பழைய நகரத்தைத் தாண்டியதும் பச்சையாங்குப்பம், குடிகாடு, செம்மங்குப்பம். பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தால் சிதம்பரம். சில மாதங்களுக்கு முன் எங்களில் மூவர் ஓர் இலக்கியக் கூட்டத்துக்காக அவ்வழியே போய்க்கொண்டிருந்தோம். பேருந்தின் தொலைக்காட்சியில் 'தனி ஒருவன்' ஓடிக்கொண்டிருந்தது. மருந்து வணிகத்தைத் தன் உள்ளங்கைக்குள் வைத்திருக்கும் விஞ்ஞானி சித்தார்த் அபிமன்யு நிதானமாகப் பேசப் பேச, பேருந்தே சொக்கிப்போயிருந்தது. முன்னிருக்கையில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர், அவன் வாய் திறப்பதற்கு முன்பே வசனத்தைத் தம் உதடுகளில் அசைத்துக்கொண்டிருந்தார். சன்னலுக்கு வெளியே, சாலையோரமாக, நிஜமான இரசாயன ஆலைகளின், மருந்து ஆலைகளின் மதிற்சுவர்கள் கடந்து போயின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

அன்று கூட்டம் முடிந்து கீழவீதித் தேநீர்க்கடையில் நின்றபோதும் பேச்சு அந்த வில்லனைப் பற்றியே சுழன்றது. நண்பர் ஒருவர், பரந்த வாசிப்பு உடையவர், தீர்மானமாகச் சொன்னார்: "வில்லன் கதாநாயகனைவிட அறிவாளியாக இருக்கும்போதுதான் தமிழ் சினிமா வயதுக்கு வருகிறது." எல்லோரும் தலையசைத்தோம். வீடு திரும்பிய பிறகுதான் அந்த வாக்கியம் உறுத்தத் தொடங்கியது. அதனோடு ஒரு சண்டை போட்டுத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தச் சண்டையின் ஒரு பாதி எங்களோடே நாங்கள் போடுவது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

எங்கள் தரப்பைச் சுருக்கமாக வைக்கிறோம். கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ் சினிமா கொண்டாடிவரும் 'புத்திசாலி வில்லன்' கலை முதிர்ச்சியின் அடையாளம் அல்ல. அவன் ஒரு சாக்கு. தீமை என்பது அபூர்வமான மூளைகளில் மட்டும் விளையும் சரக்கு என்று நம்ப வைத்து, சாதாரண மூளைகளாகிய நம் அனைவரையும் அவன் விடுதலை செய்துவிடுகிறான். இதைச் சொல்ல நாங்கள் வெகுதூரம் போகப்போவதில்லை. கடலூரையும் சிதம்பரத்தையும் சுற்றியே போதுமான சாட்சியங்கள் கிடக்கின்றன.

*

முதலில் இந்தப் புதிய வில்லனின் அங்க அடையாளங்களைப் பார்ப்போம். பழைய வில்லன்களை நாம் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கியிருந்தோம். பி.எஸ்.வீரப்பாவின் வெடிச்சிரிப்பும் எம்.என்.நம்பியாரின் கையைப் பிசையும் வஞ்சகமும் மேடை நாடகத்தின் எச்சங்கள் என்று பட்டன. பிறகு ரகுவரன் வந்தார். குரலை உயர்த்தாமலே அச்சுறுத்த முடியும் என்று காட்டினார். 'ஆசை' படத்தில் (1995) பிரகாஷ்ராஜ் வந்தார். மைத்துனியை அடைவதற்காக மனைவியையே கொன்றுவிட்டு, மாமனார் வீட்டில் பண்பான மருமகனாக உலவும் இராணுவ அதிகாரி அவர். இவை நல்ல நடிப்புகள். இவற்றோடு எங்களுக்கு வழக்கு இல்லை.

வழக்கு அதற்குப் பின் வந்த வரிசையோடுதான். 'தனி ஒருவன்' (2015), 'ஸ்பைடர்' (2017), 'இமைக்கா நொடிகள்' (2018), 'இரும்புத்திரை' (2018) என்று அது நீள்கிறது. ஒவ்வொன்றிலும் வில்லனின் தொழில் வேறு; ஆனால் ஆள் ஒருவனே. அவன் எல்லோரைவிடவும் பத்து நகர்வுகள் முன்னால் யோசிக்கிறான். காவல்துறையின் மொத்த இயந்திரமும் அவன் முன் அசட்டுத்தனமாக விழிக்கிறது. தன் அறிவை விளக்கிச் சொல்வதில் அவனுக்குச் சலிப்பே வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக அவன் தனியன். அவனுக்கு ஊர் இல்லை, தெரு இல்லை, பங்காளி இல்லை, சாதி இல்லை. அப்பன் இருந்தாலும் சித்தார்த் அபிமன்யுவின் அமைச்சர் அப்பாவைப் போலச் சிரிப்பதற்கான ஆளாக இருக்கிறார். அவன் வானத்திலிருந்து விழுந்த மூளை.

'தனி ஒருவ'னுக்கு நியாயம் செய்தாக வேண்டும். மோகன்ராஜாவின் திரைக்கதை இறுக்கமானது. அரவிந்த்சாமியின் நடிப்பு நேர்த்தியானது. ஒரு கொலைப்பழியைத் தான் ஏற்றுக்கொண்டு அதற்கு விலையாகத் தகப்பனுக்குச் சட்டமன்ற உறுப்பினர் வாய்ப்பைப் பெற்றுத்தரும் சிறுவன் என்கிற தொடக்கம், தமிழ் அரசியலைப் பற்றிய கூர்மையான கணிப்பு. ஏழைகளுக்கு மலிவாக மருந்து கிடைப்பதைத் தடுக்கும் வணிக மூளை என்பதும் உண்மையான பிரச்சினை. ஆனால் படம் அந்தப் பிரச்சினையை எங்கே கொண்டுபோய் முடிக்கிறது? இரண்டு மூளைகளுக்கு இடையிலான சதுரங்கத்தில். மருந்தின் விலையை யார் நிர்ணயிக்கிறார்கள், உரிமத்தில் யார் கையெழுத்திடுகிறார்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரி எதைப் பார்த்துவிட்டு எதைப் பாராமல் போகிறார் என்னும் கேள்விகள் எல்லாம் இரண்டாம் பாதியில் உதிர்ந்துவிடுகின்றன. கடைசியில் ஆதாரங்களையும் வில்லனே விட்டுச் செல்கிறான். குற்றத்தைச் செய்வதற்கு மட்டுமல்ல, குற்றத்தை நிரூபிப்பதற்கும் அவனுடைய மூளைதான் தேவைப்படுகிறது! குடிமக்களுக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. கைதட்டுவதைத் தவிர.

*

இனி சிதம்பரத்துக்கு வருவோம். தமிழ்க் கதைமரபின் மிகப் புகழ்பெற்ற வில்லன்களில் ஒருவர் இந்த ஊர்க் கதையில்தான் பிறந்தார். பிறந்தார் என்பதைவிடப் பின்னால் சேர்க்கப்பட்டார் என்பதே சரி.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வரலாற்றில் வில்லன் கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்துத் தொண்டு செய்கிறார். தில்லைக்குப் போக ஏங்குகிறார். நாளை போவேன், நாளை போவேன் என்று நாட்களைக் கடத்துகிறார். கடைசியில் போய் எல்லையிலேயே நின்று சுற்றிச் சுற்றி வருகிறார். இறைவன் கனவில் தோன்றி, தீயில் மூழ்கி எழுந்து வரச் சொல்கிறார். தில்லைவாழ் அந்தணர்களின் கனவிலும் அதே கட்டளை. அவர்கள் பணிவோடு வந்து தெரிவித்துத் தீ வளர்க்கிறார்கள். அவர் தீயில் புகுந்து முனிவர் வடிவில் எழுகிறார். உள்ளே சென்று மறைகிறார்.

இந்தக் கதையில் யாருமே கெட்டவர் இல்லை என்பதைக் கவனியுங்கள். எவரும் சூழ்ச்சி செய்யவில்லை. எவரும் ஏளனம் செய்யவில்லை. எல்லோரும் பக்தர்கள், எல்லோர் கைகளும் கூப்பியபடியே இருக்கின்றன. இருந்தும் ஒரு மனிதன் நெருப்பில் இறங்கினால்தான் அந்த வாசலைக் கடக்க முடிகிறது. சேக்கிழார் எந்த நோக்கத்தில் எழுதியிருந்தாலும், இன்று படிக்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுவது இந்த இடத்தில்தான். வில்லனே தேவைப்படாத கொடுமை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். நந்தனின் பண்ணையார். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்று சொல்கிற தந்திரக்காரர். முடியாது என்று சொல்லாமல், முடியாததை நிபந்தனையாக வைப்பதுதான் அவருடைய சாமர்த்தியம். சிவனின் பூதகணங்கள் ஒரே இரவில் வேலையை முடித்துவிட, வேதியர் மனம் மாறி நந்தனின் காலில் விழுகிறார். பாரதியாரின் இந்தச் சேர்க்கை சாதாரணமானது அல்ல. பக்தியின் கதைக்குள் நிலத்தையும் கூலியையும் அடிமைத்தனத்தையும் கொண்டுவந்து வைத்தது அது. நந்தனுக்கு ஒரு முதலாளி இருந்திருப்பான் என்று கேட்டுப் பார்த்ததே பெரிய காரியம்.

ஆனால் சினிமா அந்த வேதியரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? 1935-இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படத்தில் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர் வேதியர். 1942-இல் ஜெமினியின் படத்தில் எம்.எம்.தண்டபாணி தேசிகர் நந்தனார். செருகளத்தூர் சாமா வேதியர். உயர்ந்த சாதிக்காரர் ஒருவர் தாழ்த்தப்பட்டவரின் காலில் விழும் காட்சிக்கு அந்தக் காலத்தில் இருந்த துணிச்சலை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்தக் காட்சி ஒரு வசதியைச் செய்து கொடுத்தது. தடை என்பது ஒரு மனிதரின் கல்நெஞ்சம் என்றாகிவிட்டது. அந்த நெஞ்சு கரைந்ததும் பார்வையாளரின் கணக்கும் தீர்ந்துவிட்டது. வேதியர் திருந்திய பிறகும் தில்லையில் தீ எரிந்துகொண்டேதான் இருக்கிறது. அதைக் கேள்வி கேட்பதற்கான கோபம் நம்மிடம் மிச்சமில்லை. எல்லாவற்றையும் வேதியர் மேலேயே செலவழித்துவிட்டோம்.

இதே சிதம்பரத்தில் இன்னொருவர் நந்தன் கதையை வேறு விதமாகப் படித்தார். சுவாமி சகஜானந்தர். 1916-இல், நந்தன் தீக்குளித்த இடம் என்று மரபு சொல்லும் ஓமக்குளத்தில், நந்தனார் பெயரிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர் தேடியது ஒரு வேதியரை அல்ல. பூட்டியிருந்த கதவுகளை எண்ணினார். அவற்றில் ஒன்றைத் திறந்து வைத்தார். நந்தன் கதைக்கு எழுதப்பட்ட உரைகளில் ஆகச் சிறந்தது அந்தப் பள்ளிக்கூடம்தான் என்போம்.

*

"அப்படியானால் அறிவுள்ள வில்லனே கூடாது என்கிறீர்களா?" என்று நண்பர் கேட்பார். இல்லை. தமிழில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான அறிவுள்ள வில்லன், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஒருவரின் பேனாவிலிருந்து வந்தவர். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் வரும் வெங்கு மாமாவைச் சொல்கிறோம். 1977-இல் ஏ.பீம்சிங் இயக்கிய படத்தில் ஒய்.ஜி.பார்த்தசாரதி அந்த வேடத்தில் நடித்தார். கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். வெங்கு மாமாவை மறந்துவிட்டோம்.

மறக்கக் கூடாத ஆள் அவர். புகழ்பெற்ற வழக்கறிஞர். சாத்திரமும் தெரியும், சட்டமும் தெரியும். மழை நாளில் காரில் ஏற்றிச் சென்றவனால் கெடுக்கப்பட்டு, அண்ணனால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட கங்காவைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் அவரே. அவள் அவருக்கு நன்றிக்கடன் பட்டவள். அந்த நன்றிக்கடனை வட்டியோடு வசூலிக்கும் உரிமை தமக்கு உண்டு என்று அவர் கருதுகிறார். அவர் கை ஓங்குவதைவிட அவர் தர்க்கம் பயங்கரமானது. கெட்டுப்போன பெண் யாருக்கும் மனைவியாக முடியாது, வேண்டுமானால் ஆசைநாயகியாக இருக்கலாம் என்பதை அவர் நிதானமாக, ஒரு வாதத்தை நிறுவுவதைப் போல அடுக்கிக்கொண்டு போகிறார். முடிந்தால் உன்னைக் கெடுத்தவனைத் தேடிக் கண்டுபிடி என்று சவாலும் விடுகிறார்.

இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவர் பயன்படுத்தும் ஒரு ஆயுதமும் அவராகக் கண்டுபிடித்தது இல்லை. கற்பு, குடும்ப மானம், பெரியவர்களுக்கு அடங்குதல், சோறு போட்டவனுக்கு விசுவாசம் எல்லாம் நம் வீட்டுப் பரணில் எப்போதும் இருப்பவை. அவர் இறக்கித் துடைத்து உபயோகிக்கிறார், அவ்வளவே. அதனால்தான் அவரைப் பார்த்து நம்மால் கைதட்ட முடிவதில்லை. அவரை வியக்கத் தொடங்கும் முன்பே அடையாளம் கண்டுகொள்கிறோம். நம் குடும்பப் புகைப்படங்களில் எங்கோ ஓர் ஓரத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மாமா. சித்தார்த் அபிமன்யு யாருக்கு மாமா?

எங்கள் அளவுகோல் இதுதான். வில்லனின் அறிவு, அவன் புழங்கும் உலகத்தை நமக்கு விளக்குகிறதா, அல்லது அவனை மட்டும் விளக்குகிறதா?

இந்த அளவுகோலில் தேறும் படங்கள் தமிழில் இல்லாமல் இல்லை. எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) பாடல்களே இல்லாமல் வந்த படம் என்பதற்காக மட்டும் நினைக்கப்பட வேண்டியது அல்ல. 1943-இல் சென்னையில் சுட்டுக் கொல்லப்படும் வானொலிப் பொறியாளன் ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்ன துரோகி, சந்தேகமின்றி அறிவாளி. அந்த அறிவுக்கு நாட்டில் மதிப்பு கிடைக்காத கசப்பு எப்படித் துரோகமாகப் புளித்தது என்பதைப் படம் காட்டுகிறது. அவனைக் கொண்டாடவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. அடுத்து மணிவண்ணனின் 'அமைதிப்படை' (1994). கோயிலில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை, நாகராஜசோழன் எம்.ஏ. ஆகும் கதை. அவனை ஒப்புக்கு ஒரு வேட்பாளராக நிறுத்தியவர்களிடமே பாடம் படித்து அவர்களையே அவன் தாண்டிப் போகிறான். அவன் சாதிக் கலவரத்தை மூட்டும்போது புதிதாக ஒன்றையும் தயாரிப்பதில்லை. ஊரில் ஏற்கெனவே உலர்ந்து கிடக்கும் விறகில் தீக்குச்சியைக் கிழிக்கிறான். சத்யராஜின் நக்கலுக்குச் சிரித்த அதே வாயால் நாம் வாக்களித்தவர்களின் பெயர்களையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சங்கடம்தான் அப்படத்தின் வெற்றி.

*

மறுபடியும் பேருந்துச் சன்னலுக்கு வருவோம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை 1980-களில் உப்பனாற்றை ஒட்டி வளர்ந்தது. காற்றிலும் நீரிலும் அது கலந்தவை பற்றி அங்குள்ள கிராமத்தினர் பல்லாண்டுகளாகப் புகார் சொல்லி வந்தார்கள். 1998-இல் நீதிபதி ஜே.கனகராஜ் தலைமையில் மக்கள் தீர்ப்பாயம் ஒன்று விசாரித்து அறிக்கை தந்தது. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிராமத்தினரே பயிற்சி பெற்று, எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வாடை வந்தது என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்கள். சாதாரண வாளிகளைக் கொண்டு செய்த கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அழுகிய முட்டைக்கோசு வாடை, நெயில் பாலிஷ் வாடை என்று மூக்குக்குத் தெரிந்த சொற்களிலேயே விஞ்ஞானத்துக்குச் சாட்சி சொன்னார்கள். 2025 மே மாதத்தில்கூட அங்கே ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, தண்ணீர் குடிகாட்டுப் பகுதிக்குள் புகுந்தது.

இந்த நீண்ட வரலாற்றில் சித்தார்த் அபிமன்யுவைத் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டான். கிடைப்பவர்கள் கையெழுத்துப் போட்டவர்கள், கையெழுத்துப் போடாமல் தள்ளி வைத்தவர்கள், மாதிரி எடுக்க மறுநாள் வந்தவர்கள், வேலை போய்விடும் என்று வாய் மூடியவர்கள், சன்னலை மூடிக்கொண்டு சிதம்பரம் போன நாங்கள். இதற்கு மேதைமை வேண்டாம். பழக்கம் போதும். யூதர்களை மரண முகாம்களுக்கு ரயிலேற்றிய ஐக்மனின் விசாரணையை 1961-இல் ஜெருசலேமில் உட்கார்ந்து பார்த்த ஹன்னா ஆரெண்ட், அங்கே ஒரு சைத்தானை எதிர்பார்த்து ஒரு குமாஸ்தாவைக் கண்டார். நம் சிற்றிதழ்களில் அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். எழுதிவிட்டுத் திரையரங்குக்குப் போய்ச் சைத்தானுக்கு விசிலடிக்கிறோம்.

வாளியும் குறிப்பேடுமாகத் தெருவில் நின்ற அந்தக் கிராமத்தினரை வைத்து ஒரு படம் எடுத்தால் அதில் வில்லனுக்கு என்ன வசனம் எழுதுவது என்று தெரியாமல் நம் இயக்குநர்கள் திகைப்பார்கள். அந்தத் திகைப்பிலிருந்துதான் கலை தொடங்க வேண்டும்.

*

ஒரு படம் அந்தத் திகைப்பின் பக்கத்தில் போய் நின்றது. த.செ.ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021). அது இம்மாவட்டத்தின் கதை. 1993-இல் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்திலிருந்து திருட்டுப் புகாரில் பிடித்துச் செல்லப்பட்டவர், கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். தப்பி ஓடிவிட்டதாகக் காவலர்கள் சொன்னார்கள். அவர் மனைவி விடவில்லை. வழக்கறிஞர் கே.சந்துரு, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானவர், ஆட்கொணர்வு மனுவை எடுத்து வாதாடினார். வழக்கு 2006 வரை நீண்டு, காவலர்களுக்கு ஆயுள் தண்டனையில் முடிந்தது. இதற்கு ஓராண்டுக்கு முன்புதான், 1992-இல், சிதம்பரம் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் ஒரு தொழிலாளி இறந்தார். அவர் மனைவி அங்கேயே வன்கொடுமைக்கு ஆளானார். அதிலும் காவலர்கள் பின்னர் தண்டிக்கப்பட்டார்கள்.

'தப்பி ஓடிவிட்டார்.' இதுதான் மொத்தச் சூழ்ச்சி. இதில் என்ன மேதைமை இருக்கிறது? ஒரு பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரியை ஓர் ஏழைப்பெண்ணின் சொல்லைவிட நம்பத் தயாராக இருக்கும் ஓர் அலுவலகம். அதற்கு மேல் இன்னொரு அலுவலகம். செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பும் நாம். பொய் சொன்னவரின் அறிவு அந்தப் பொய்யைத் தாங்கவில்லை. கேட்டவர்களின் அலட்சியம் தாங்கியது. 'ஜெய் பீம்' படத்தின் உதவி ஆய்வாளர் குருமூர்த்தி அதனாலேயே முக்கியமான வில்லன். அவன் கொடூரன், ஆனால் அறிவாளி அல்லன். சதுரங்கம் ஆடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

அப்படத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒற்றை வழக்கறிஞரைக் கதாநாயகனாக உயர்த்திப் பிடிக்கும் பழக்கத்திலிருந்து அதுவும் முழுதாக விடுபடவில்லை. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர். படம் அவர்களை இருளர்களாக மாற்றியது. குருமூர்த்தியின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு சமூக அமைப்பின் சின்னம் இருந்தது பெரும் சர்ச்சையானது. உண்மை வழக்கின் அதிகாரி அந்தச் சமூகத்தவர் அல்லர் என்ற ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. காட்சி மாற்றப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார்.

நாங்கள் சொல்ல வருவது அதன் பிறகு நடந்ததை. வாரக்கணக்கில் தமிழ்நாடு விவாதித்த கேள்வி, வில்லன் எந்தச் சாதி என்பதே. அவன் எங்கள் ஆள் இல்லை என்றது ஒரு தரப்பு; உங்கள் ஆள்தான் என்றது மறுதரப்பு. ஒரு மனிதர் காவல் நிலையத்துக்குள் போய்ப் பிணமாக வெளியே வர எத்தனை பேர் ஒத்துழைக்க வேண்டும் என்ற கேள்வி ஓரமாக நின்றது. வில்லன் என்றால் கைகழுவப்பட வேண்டியவன் என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஊரும் பேரும் சாதியும் இல்லாத புத்திசாலி வில்லன் ஏன் இத்தனை பிரபலம் என்பது அப்போது எங்களுக்கு விளங்கியது. அவனை யாரும் கைகழுவ வேண்டியதே இல்லை. அவன் முதலிலிருந்தே யாருடைய ஆளும் இல்லை. அவனை முன்வைத்து எந்தச் சங்கமும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பாது. தயாரிப்பாளருக்கு நிம்மதி, நமக்கும் நிம்மதி.

*

"சினிமா பொழுதுபோக்கு, இரண்டரை மணி நேரம் ஒரு மூளையின் விளையாட்டை ரசித்துவிட்டுப் போவதில் உங்களுக்கு என்ன நட்டம்?" என்பது வழக்கமான கேள்வி. ரசிப்பில் நட்டமில்லை. நாங்களும் ரசிக்கிறோம். அந்த ரசனையை முதிர்ச்சி என்று பெயரிட்டு இலக்கியக் கூட்டங்களில் மேடை ஏற்றும்போதுதான் நட்டம் தொடங்குகிறது. தீமையை நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்று நம்மை நாமே நினைத்துக்கொள்கிறோம். கையில் கிடைத்திருப்பதோ, பழைய அசுரனுக்குக் கோட்டு மாட்டி, நாலு ஆங்கில வாக்கியம் கற்றுக்கொடுத்த உருவம். வீரப்பாவின் சிரிப்பாவது தன்னை நாடகம் என்று ஒப்புக்கொண்டது. இவன் தன்னை நிஜம் என்கிறான்.

இந்த மண்ணின் பழைய கலைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக்கூத்து முடியும் நாளில் படுகளம் நடக்கும். துரியோதனனை மண்ணால் ஆள் உயரத்துக்கும் பல மடங்கு பெரிதாகத் தரையில் கிடத்துவார்கள். அவன் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். அதே களத்தில் அவனுக்காக ஒப்பாரியும் எழும். அவன் கெட்டவன் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவன் பங்காளி, ஒரு தாயின் பிள்ளை, பக்கத்து வீட்டு மண்ணில் பிசைந்தவன். அந்தக் கூத்திலேயே துகிலுரியும் இரவில் மேடைக்கு வரும் சகுனிதான் நம் மரபின் ஆகப் பெரிய புத்திசாலி வில்லன். அவனும் மாமாதான். அவன் பகடை எத்தனை தந்திரமாக உருண்டாலும், சபையில் பெரியவர்கள் வாய் திறந்திருந்தால் அந்தச் சேலையில் யார் கை வைத்திருக்க முடியும்? விடிய விடியக் கூத்துப் பார்க்கும் பாட்டிகள் சகுனியைத் திட்டுவதோடு நிறுத்துவதில்லை. பீஷ்மரையும் துரோணரையும் சேர்த்தே திட்டுகிறார்கள்.

எங்கள் இயக்குநர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய வரம் அல்ல. வில்லனுக்கு எவ்வளவு அறிவு வேண்டுமானாலும் கொடுங்கள். கூடவே ஒரு ஊரைக் கொடுங்கள், ஒரு வேலையைக் கொடுங்கள், அவனைத் திருமணப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்ட நான்கு உறவினர்களைக் கொடுங்கள். அவன் பொய்யை நம்பியவர்களின் முகங்களுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். தேநீர்க்கடை நண்பருக்கும் இதையே பதிலாகச் சொல்ல விரும்புகிறோம்: வில்லன் நம்மைவிட அறிவாளியாக இருக்கும்போது அல்ல, அவன் நமக்கு என்ன முறை என்று கேட்கத் துணியும்போதுதான் தமிழ் சினிமா வயதுக்கு வரும்.

அடுத்த முறை கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போது தொலைக்காட்சியில் எந்தப் படம் ஓடினாலும், செம்மங்குப்பம் தாண்டும்வரை சன்னலுக்கு வெளியே பார்ப்பது என்று எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம்.